கோடு அழிஞ்சு போச்சு

இன்னைக்கு எபிசோடு கிரிக்கெட் பத்தினது. டிவியில பார்க்கிற கிரிக்கெட் இல்ல, ஏரிக்குள்ள ஆடுற கிரிக்கெட். அதுல நான் பண்ணின ஒரு தப்பைப் பத்தியும் சொல்லணும்.

எங்க ஊர் சேலம் மாவட்டத்துல இருக்கு. வெயில் காலம் வந்தா ஏரி வத்திடும். அதுதான் எங்க கிரவுண்டு. சுத்தி வேலிக்காத்தான் முள்ளு. பந்து முள்ளுக்குள்ள போனா நேரா நாலு ரன், யாரும் தேடிக்கிட்டு ஓட வேண்டாம். ஸ்டம்பு மூணு குச்சி, பெயில்ஸ் எல்லாம் கிடையாது. பந்து பட்டு குச்சி சாஞ்சா அவுட். கிரீஸ் கோட்டை மட்டையால மண்ணுல கிழிச்சுக்குவோம்.

ஞாயித்துக்கிழமை பக்கத்து ஊர் டீம் பைக்குல வந்து இறங்கும். பெட் மேட்ச்னா ரெண்டு டீமும் பணம் கட்டணும். ஃப்ரெண்ட்லி மேட்ச்னா பணம் கிடையாது, தோத்த டீம் ஒரு புதுப் பந்து வாங்கித் தரணும், அவ்வளவுதான்.

இதுல ஒரு முக்கியமான விஷயம், அம்பயர். வெளியாள் யாரும் வரமாட்டாங்க. பேட்டிங் பண்ற டீம்ல சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள்தான் அம்பயரா நிக்கணும். அதனாலதான் எங்க பக்கம் எல்பிடபிள்யூவே வெச்சுக்க மாட்டோம். சொந்த டீம் ஆளுக்கு எவன் கையைத் தூக்குவான்? சண்டைதான் வரும். ஆனா ரன் அவுட்டை அப்படித் தூக்கிப் போட முடியாது. அது கண்ணுக்கு முன்னாடி நடக்கிறது.

அன்னைக்கு நான் சென்னையில இருந்து ரெண்டு நாள் லீவுல போயிருந்தேன். தோள்பட்டை வலி, ஆட முடியல. எங்க கேப்டன் என் பெரியப்பா பையன். "டேய், நீ அம்பயர் நில்லுடா"ன்னு அண்ணன் சொன்னார். போய் நின்னேன்.

கடைசி ஓவர். எங்களுக்கு 3 பந்துல 5 ரன் வேணும். கையில ஒரே விக்கெட். பந்து போட்டது பத்தாவது படிக்கிற ஒரு பையன். சின்னப்பம்பட்டி நடராஜனும் எங்க மாவட்டம்தான், அவரும் டென்னிஸ் பந்துல ஆடி வந்தவர். 2020 டிசம்பர்ல ஆஸ்திரேலியாவுல இந்தியாவுக்கு ஆட ஆரம்பிச்சு, அடுத்த மாசமே டெஸ்ட்டும் ஆடிட்டார். அதுல இருந்து எங்க பக்கத்துப் பசங்க பந்தைக் கையில எடுத்தாலே யார்க்கர்தான். இந்தப் பையனும் அந்த ஓவர் முழுக்க யார்க்கரா இறக்கிக்கிட்டு இருந்தான்.

எங்க கடைசி ஆள் பந்தை நேரா தட்டிவிட்டான். என் பக்கம் நின்ன அண்ணன் பாதி தூரம் ஓடிட்டார். எதிர்ல இருந்து "வேணாம்ணா, வேணாம்ணா"ன்னு சத்தம். அண்ணன் திரும்புறதுக்குள்ள பையன் குனிஞ்சு பந்தை எடுத்து ஸ்டம்புல அடிச்சுட்டான். குச்சி சாஞ்சப்ப அண்ணன் மட்டை கோட்டுக்கு ஒரு சாண் வெளியில இருந்தது. மத்தவங்க எல்லாம் தூரத்துல. பக்கத்துல இருந்து பார்த்தது நானும் அந்தப் பையனும்தான்.

அவன் என்னைப் பார்த்தான். அண்ணனும் என்னைப் பார்த்தார்.

நான் சொன்னேன், "கோடு அழிஞ்சு போச்சு, சரியா தெரியல. நாட் அவுட்."

பையன் சண்டை போடல. பந்தை எடுத்துக்கிட்டு திரும்பி நடந்தான். அடுத்த பந்துல ஒரு ரன். கடைசிப் பந்து அண்ணனுக்கு. அவ்வளவு நேரம் யார்க்கர் போட்டவன், அதை மட்டும் ஃபுல் டாஸா விட்டான். பந்து முள்ளுக்குள்ள போச்சு. ஜெயிச்சுட்டோம்.

1992-ல டர்பன்ல ஒரு டெஸ்ட் மேட்ச். டிவி ரீப்ளே பார்த்து மூணாவது அம்பயர் முதல் தடவையா ஒருத்தருக்கு அவுட் கொடுத்தது அங்கதான். அதுவும் ரன் அவுட், ஆள் சச்சின். அதுக்கப்புறம் பெரிய கிரிக்கெட்ல அம்பயர் சந்தேகம்னா கையால பெட்டி வரைஞ்சு காட்டிட்டு ஸ்கிரீனைப் பார்த்துக்கலாம். ஏரிக்குள்ள ஏது ஸ்கிரீன்? நிக்கிறவன் சொல்றதுதான். அவன் உண்மையைச் சொல்லுவான்ங்கிற நம்பிக்கையிலதான் ரெண்டு ஊரும் வாராவாரம் வந்து ஆடுது.

மேட்ச் முடிஞ்சு டீக்கடையில அந்த டீம் காசு சேர்த்துச்சு. பையனும் பாக்கெட்ல இருந்து பத்து ரூபா எடுத்துக் கொடுத்தான். எனக்கு டீ இறங்கல. தனியா கூப்பிட்டு, "தம்பி, அது அவுட்டுதான். நான் தப்பா சொல்லிட்டேன்"னேன்.

அவன் சாதாரணமா சொன்னான், "தெரியும்ணா. கோடும் அழியலண்ணா. காலையில நான்தான் கிழிச்சேன்."

புதுப் பந்தை வாங்கிட்டு வந்தாங்க. நான் எல்லார் முன்னாடியும் விஷயத்தைச் சொல்லி, பந்தை அவங்க கேப்டன் கையிலயே கொடுத்தேன். அண்ணன் முகம் மாறிடுச்சு. வீட்டுக்குப் போற வழியில, "ஃப்ரெண்ட்லி மேட்ச் தானேடா, இதுக்குப் போய் ஏன்டா மானத்தை வாங்குற?"ன்னார். அன்னைக்கு ராத்திரி என்கூட உட்கார்ந்து சாப்பிடல.

நானும் யோசிச்சுப் பார்த்தேன். பெட் மேட்ச்ல ஏமாத்தினா பணம் போகும், அடுத்த வாரம் சம்பாதிச்சுக்கலாம். ஃப்ரெண்ட்லி மேட்ச்ல அப்படித் திருப்பி எடுக்க ஒண்ணுமே இல்ல. ஒரு பத்தாவது படிக்கிற பையன், பெரியவங்க நின்னா இப்படித்தான்னு பழகிட்டுப் போறான். அதுதான் எனக்குப் பயமா இருந்தது.

ரெண்டு மாசம் கழிச்சு மறுபடியும் போனேன். அதே டீம், அதே ஏரி. அண்ணன் என்கிட்ட ஒண்ணும் சொல்லல. அம்பயர் யாருன்னு பேச்சு வந்தப்ப அந்தப் பையன்தான், "அண்ணா, நீங்களே நில்லுங்க"ன்னு கூப்பிட்டான்.

போனதும் முதல் வேலையா அண்ணன் கையில இருந்த மட்டையை வாங்கி, கோட்டை நல்லா ஆழமா கிழிச்சேன்.

சரி மக்களே, நீங்க அம்பயரா நின்ன கதை ஏதாவது இருந்தா அனுப்புங்க. அடுத்த வாரம் பேசுவோம்.