யூபிலி வருஷமும் ஹைட்டியின் கடனும்



ஏழைகள் என்றைக்கும் உங்களோடு இருப்பார்கள் என்று ஏசுவே சொல்லியிருக்கிறபடியால், உலகத்தில் பணக்கார தேசமும் தரித்திர தேசமும் இருந்து வருவது கடவுள் சித்தம் என்று சொல்லுகிற கிறிஸ்தவர்கள் உண்டு. அந்த வார்த்தைக்கு மூலம் பழைய ஏற்பாட்டில் உபாகமம் 15-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தேசத்தில் ஏழை ஒழியமாட்டான், ஆனதால் அவனுக்குக் கையைத் திறந்து கொடு என்பதே அங்குள்ள கட்டளை. முன்பாதியைப் படித்துவிட்டுப் பின்பாதியை மறைத்துக் கொள்வது எல்லா மதத்துப் புரோகிதர்களுக்கும் கைவந்த வித்தைதானே!

அதே அதிகாரம் 7 வருஷத்துக்கு ஒரு முறை கடனைத் தள்ளிவிடச் சொல்லுகிறது. லேவியராகமம் 25-ஆம் அதிகாரமோ இன்னும் ஒருபடி மேலே போய், 50-ஆம் வருஷத்தில் எக்காளம் ஊதி, விற்றுப்போன நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பவேண்டும், வறுமையால் தன்னையே விற்றுக் கொண்டவன் விடுதலையாகி வீடு போகவேண்டும் என்கிறது. இதற்குத்தான் யூபிலி என்று பெயர். இதை எழுதினவர்கள், கடன் ஏறி ஏறி ஒரு சமூகம் எப்படிப் பாழாகும் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. கடவுள் வந்து சொல்லித்தான் இது தெரியவேண்டுமென்பதில்லை.

ஆனால் அதே 25-ஆம் அதிகாரத்தை முடிவுவரை வாசித்துப் பாருங்கள். அந்நிய ஜாதியாரிடம் வாங்கிய அடிமைக்கு யூபிலி கிடையாது. அவனைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக வைத்துவிட்டுப் போகலாம். உபாகமத்திலும் அப்படியே. தன் ஜாதியான் கடனை விட்டுவிடு, அந்நியனிடத்தில் வசூல் செய்து கொள்! தோழர்களே, பிற்காலத்தில் கிறிஸ்தவ அரசாங்கங்கள் மற்ற தேசத்தாரிடம் நடந்து கொண்டதைப் பார்த்தால், யூபிலியை மறந்து இந்த விலக்கை மாத்திரம் மனப்பாடம் செய்து கொண்டார்களோ என்று தோன்றுகிறது.

ஹைட்டியைப் பாருங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களை அடிமைகளாக வைத்து, பிரெஞ்சுக்காரர் சர்க்கரையும் காப்பியும் விளைவித்துக் கொழுத்த நாடு அது. அடிமைகள் 1791-ல் கிளர்ந்தெழுந்து, 1804-ல் சுதந்தர நாடாகிவிட்டார்கள். 1825-ல், அதாவது ரேம்ஸ் மாதாகோவிலில் பரிசுத்தத் தைலம் பூசி முடிசூட்டிக் கொண்ட அதே வருஷத்தில், பத்தாவது சார்லஸ் மன்னர் யுத்தக் கப்பல்களை அனுப்பி, நிலமும் ஆளும் கைவிட்டுப்போன பழைய எஜமானர்களுக்கு 15 கோடி பிராங்கு நஷ்டஈடு கொடு என்றார். அடிமைப்பட்டவன் எஜமானனுக்கு நஷ்டஈடு கொடுப்பது! முதல் தவணையான 3 கோடிக்கே பாரிஸ் பாங்கிக்காரர்களிடம் கடன் வாங்க வேண்டியதாயிற்று. கடன் பத்திரம் 3 கோடிக்கு. கைக்கு வந்ததோ 2 கோடியே 40 லட்சம். 1838-ல் மொத்தத் தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. ஆனாலும், இதற்காக வாங்கிய கடன்கள் பைசலாக 1947 ஆயிற்று. 122 வருஷத்தில் 50-ஆம் வருஷம் இரண்டு முறை வந்து போய்விட்டது. எக்காளம் ஊதினவர் ஒருவருமில்லை.

வேதத்தின் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் படித்த கிறிஸ்தவர்களும் இருந்தார்கள் என்பதை நாம் மறைக்கவில்லை. யூபிலி என்ற பெயராலேயே கிளர்ச்சி நடத்தி, 1998 மே மாதத்தில் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தில் பெரிய தேசத்துத் தலைவர்கள் கூடியபோது, சுமார் 70,000 பேர் கைகோத்து நின்று ஏழை நாடுகளின் கடனைத் தள்ளு என்றார்கள். அதன் பலனாகப் பல நாடுகளுக்குக் கடன் குறைந்தது. ஹைட்டிக்கும் 2009-ல் சுமார் 120 கோடி டாலர் தள்ளப்பட்டது. ஆனால் அது பிற்காலத்துக் கடன். முன்னே பிடுங்கிக் கொண்டு போனது போனதுதான்.

2003-ல் ஹைட்டியின் ஜனாதிபதி அரிஸ்டீட் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டார், கிடைக்கவில்லை. 200 வருஷம் நிறைந்த 2025 ஏப்ரலில், பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன் இதை ஆராய இரு நாட்டுச் சரித்திர ஆசிரியர்கள் அடங்கிய ஒரு கமிட்டியை அறிவித்தார். பணத்தைத் திருப்பித் தருவதாக அவர் சொல்லவில்லை.