கேட்ட காதுக்கு வாயும் வேண்டும்
(பட்டிப்பொல இந்து இளைஞர் மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



துன்பப்படுவோர் சொல்வதைப் பொறுமையோடு கேட்டு, அவர்தம் மனம் தேறத் துணைநிற்பது உளவளத்துணையாளரின் பணி. கேட்பதோடு அப்பணி முடிந்துவிடுமா? இதுவே இன்று நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

நம் லயங்களை எண்ணிப் பாருங்கள். கொழுந்தெடுக்கும் தாயொருத்தி உறக்கமின்றித் தவிக்கிறாள். காரணம் கேட்டால், கந்தோரிலிருந்து வந்த சிங்களக் கடிதத்தை எடுத்துக் காட்டுகிறாள். வீட்டில் அதை வாசிப்பார் இல்லை. அவளுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டால் போதுமா? 1987ஆம் ஆண்டிலேயே தமிழும் ஆட்சிமொழியாயிற்று. தமிழிலே பதில் கேட்பது அவள் உரிமை. அதனை எடுத்துரைத்து, அவள் விரும்பினால் உடன்சென்று பேசுவதும் துணையாளரின் கடமையேயாகும்.

இதற்கு நம் நாடே சான்று. 1995ஆம் ஆண்டில் இலங்கையில் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்டனர். பூச்சிமருந்தால் மாண்டோர் மிகப் பலர். 1974இல் தோன்றிய சுமித்ரயோ அமைப்பு ஆறுதற் பணியைச் செய்துகொண்டுதான் இருந்தது. ஆயினும், கொடிய நஞ்சுகளை அரசாங்கம் 1995இலும் 1998இலும் தடைசெய்த பின்னரே அத்தொகை பெரிதும் சரிந்தது, பத்தாண்டில் பாதியாயிற்று. அறைக்குள் சொல்லும் ஆறுதலோடு, வெளியே மாற்றமும் வேண்டும் என்பதை இது காட்டவில்லையா? அமெரிக்க உளவளத்துணையாளர் சங்கமும் 2003இல், பரிந்து பேசுதற்குரிய தகைமைகளை வகுத்து ஏற்றுக்கொண்டது.

பரிந்து பேசுவதற்கும் வரம்புண்டு. நம்பிச் சொன்ன இரகசியம் தெருவுக்கு வரலாகாது. உரியவரின் சம்மதமின்றி ஒரு சொல்லும் வெளியே செல்லலாகாது. அவருக்குப் பதிலாக நாம் பேசுவதைவிட, அவரே பேசத் துணைநிற்பது மேல்.

மேற்பார்வையாளரின் பொறுப்போ இன்னும் பெரிது. நியாயம் கேட்கச் செல்லும் இளம் துணையாளரிடம், "உமக்கேன் இந்த வம்பு?" என்று சொல்லி அடக்குவது மேற்பார்வை அன்று. பத்துப் பேர் ஒரே குறையைச் சொல்லி அழுதால், அது பத்து நோய் அன்று, ஒரே அநீதி. பத்தையும் சேர்த்துப் பார்க்கக் கூடியவர் மேற்பார்வையாளரே. ஆகவே, பெயர்களை மறைத்துக் குறையை மட்டும் மேலிடத்துக்கு எடுத்துச் செல்லவேண்டியவரும் அவரே.

இளைஞர்களே! வாரத்தில் ஒரு மாலை, இம்மன்றத்தில் ஒரு மேசை போடுவோம். வரும் கடிதங்களை வாசித்துச் சொல்வோம். பதில் எழுதிக் கொடுப்போம். மனம் உடைந்தோர்க்கு 1926 என்னும் தேசிய உதவி இலக்கத்தை அறிவிப்போம். கேட்ட காது நம்முடையதானால், பேசும் வாயும் நம்முடையதாகட்டும்.