நாயை வெளியே அனுப்பிட்டா தெள்ளு போயிடுமா?

இந்த எபிசோடைக் கேட்டு முடிக்கிறதுக்குள்ள நீங்க ரெண்டு மூணு தடவையாவது காலைச் சொறிவீங்க. முன்கூட்டியே சொல்லிட்டேன்.

போன மாசம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. சென்னையில ரெண்டாவது மாடி ஃபிளாட். தெருவுல இருந்து எடுத்து வளர்க்கிற ஒரு நாய். இப்போ வீடு முழுக்கத் தெள்ளுப்பூச்சி, எல்லாருக்கும் கணுக்கால்ல கடி. நாயை ரெண்டு தடவை மருந்து ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டியும் போகல. "நாயை ஊர்ல விட்டுடலாம்னு வீட்டுல முடிவு பண்ணிட்டாங்க. இது சரியா?" அப்படின்னு கேட்டிருந்தாங்க.

நான் இப்போ கெங்குவார்பட்டியில இருந்துதான் வேலை பார்க்குறேன். தெரியாதவங்களுக்கு: வத்தலக்குண்டுல இருந்து பெரியகுளம் போற வழியில, கொடைக்கானல் மலையடிவாரத்துல இருக்கிற பேரூராட்சி. இங்க எங்க சித்தப்பா வீட்டுல ஒரு நாய், ரெண்டு பூனை, ஒரு மாடு, நாலஞ்சு கோழி. ஐப்பசி மழைக்கு அப்புறம் இங்கேயும் தெள்ளு வந்துச்சு. இங்கேயும் முதல்ல வந்த யோசனை அதேதான்: "நாயைத் தோப்புல கொண்டுபோய்க் கட்டிப் போட்ருவோம்."

சுருக்கமான பதிலை முதல்லயே சொல்லிடுறேன். நாயை அனுப்பினா தெள்ளு கூடவே போகாது. உங்ககிட்ட வரும். ஏன்னு பார்ப்போம்.

முதல்ல, அது தெள்ளுதானா?

நம்ம ஊர்ல நாய் மேல எது ஊர்ந்தாலும் உண்ணின்னு சொல்லிடுறோம். ரெண்டும் வேற வேற. உண்ணிக்கு எட்டுக் கால், குதிக்காது. ஒரே இடத்துல ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிச்சு ஆமணக்கு விதை மாதிரி உப்பும். தெள்ளுக்கு ஆறு கால், எள்ளை விடச் சின்னது, கரும்பழுப்பு நிறம், ரெண்டு பக்கமும் அமுக்கின மாதிரி தட்டையான உடம்பு. ரோமத்துக்கு நடுவுல சரசரன்னு ஓடும். பிடிக்கப் போனா குதிச்சுடும்.

பூச்சி கண்ணுல படலேன்னா ஒரு ஈஸியான டெஸ்ட் இருக்கு. நாயோட வால் ஆரம்பிக்கிற இடத்துல சீப்பால வாருங்க. கறுப்பா மிளகுத்தூள் மாதிரி விழுறதை ஈரமான வெள்ளை டிஷ்யூ மேல வைங்க. செம்பழுப்பா கசிஞ்சா அது மண்ணு இல்ல. தெள்ளோட எச்சம், அதாவது செரிச்ச ரத்தம். எங்க பாஷையில சொன்னா, பக் கண்ணுல படலேன்னாலும் லாக் ஃபைல்ல சிக்கிடும்.

உலகம் முழுக்க நாய், பூனை ரெண்டு மேலயும் அதிகமா இருக்கிறது ஒரே வகை, பூனைத் தெள்ளு. இந்தியாவுல நாய்கள் மேல அதோட நெருங்கின சொந்தம் ஒண்ணும் உண்டு. கோழிக் கொண்டையிலயும் கண்ணைச் சுத்தியும் கொத்தா ஒட்டிக்கிட்டு இருக்கிறது வேற இனம். அதைத் தனியாத்தான் கவனிக்கணும்.

நாய் மேல இருக்கிறது 5 சதவீதம்தான்

தெள்ளு மொய்க்கிற ஒரு வீட்டுல மொத்தத் தெள்ளுல ஏறக்குறைய 50 சதவீதம் முட்டை, 35 சதவீதம் புழு, 10 சதவீதம் கூட்டுப்புழு. நாம பார்க்கிற வளர்ந்த பூச்சி வெறும் 5 சதவீதம். இது கால்நடை மருத்துவர்கள் வழக்கமா சொல்ற தோராயக் கணக்கு. அந்த 5 சதவீதம்தான் நாய் மேல இருக்கு. மிச்சம் 95 சதவீதம் தரையில.

ஒரு பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்டை வரைக்கும் போடும். முட்டையில பசை கிடையாது. நாய் எங்க படுக்குதோ, எங்க உடம்பை உதறுதோ, அங்க உதிர்ந்துடும். பொரிச்சு வர்ற புழு வெளிச்சத்தைக் கண்டா ஒளியும். தரை இடுக்கு, மெத்தைக்கு அடி, சோஃபா மடிப்பு. அதுக்கு முக்கியமான சாப்பாடு, மேல இருந்து கொட்டுற அந்தக் காஞ்ச ரத்த எச்சம்தான். காத்துல ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழ போனா பெரும்பாலும் செத்துடும், நேரடி வெயிலும் தாங்காது. மழைக்காலத்துல இது ஏன் ஏறுதுன்னு இப்போ புரியும்.

அடுத்த நிலை கூட்டுப்புழு. இதுதான் வில்லன். பட்டு நூலால கூடு கட்டி, ஒட்டுற அந்தக் கூட்டு மேல தூசி, மணல் எல்லாம் பூசிக்கிட்டு உள்ள இருக்கும். பூச்சி மருந்து உள்ள சரியா இறங்காது. பூச்சி முழுசா வளர்ந்த பிறகும் வெளிய வராம, அஞ்சு மாசம் வரைக்கும் கூட்டுக்குள்ளயே காத்திருக்க முடியும். எதுக்குக் காத்திருக்கு? உடம்புச் சூடு, நடக்கிற அதிர்வு, மூச்சுல வர்ற கார்பன் டை ஆக்சைடு. இந்த சிக்னல் கிடைச்சதும் சில விநாடியில வெளிய வந்து குதிக்கும்.

மாசக்கணக்கா பூட்டிக் கிடந்த வீட்டைப் பொங்கலுக்கு வந்து திறக்கிறோம். முதல் அடி வைச்சதும் கால்ல மொய்க்குது. "இந்த வீட்டுல நாயே இல்லையே!"ன்னு ஆச்சரியப்படுறோம். நாய் இல்லாததுதான் காரணம். இருக்கிற ஒரே சூடு உங்க கால்.

இந்தப் பள்ளத்தாக்கு ஏற்கெனவே பார்த்த கதை

இதே விஷயத்தை நூறு வருஷத்துக்கு முன்னாடி இந்தியா ரொம்பக் கஷ்டப்பட்டுக் கத்துக்கிச்சு. 1896-ல பம்பாயில பிளேக் வந்தப்போ, எப்படிப் பரவுதுன்னு யாருக்கும் தெரியல. 1898-ல பால் லூயி சிமோன்ங்கிற பிரெஞ்சு டாக்டர் கராச்சியில சோதனை பண்ணி, எலித் தெள்ளுதான் பரப்புதுன்னு சொன்னார். அப்போ பெருசா யாரும் நம்பல.

அப்புறம் பம்பாயில கிளென் லிஸ்டன்ங்கிற டாக்டர் ஒரு வேலை பண்ணார். பிளேக் வந்த வீட்டுக்குள்ள கினிப் பன்றிகளை ஓடவிட்டார். தரையில கிடந்த எலித் தெள்ளு எல்லாம் அதுங்க மேல ஏறிடுச்சு. நடமாடுற பொறி. 1905-ல தொடங்கின பிளேக் ஆணையத்தோட ஆராய்ச்சிகள் தெள்ளோட பங்கை உறுதி பண்ணுச்சு.

நம்ம கம்பம் பள்ளத்தாக்கும் இந்த வரலாத்துல இருக்கு. பழைய மதுரை மாவட்டமா இருந்த காலத்துல இங்க பிளேக் வந்துச்சு. இங்க நடத்தின ஆய்வை ஜார்ஜ், வெப்ஸ்டர்ங்கிற ரெண்டு பேர் 1934-ல இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழ்ல வெளியிட்டிருக்காங்க.

அப்போ மனுஷங்களுக்குப் பிளேக் எப்படி வந்துச்சு? எலிகள் செத்து விழும். செத்த எலியோட உடம்பு ஆறிப் போகும். ஆறின உடம்புல தெள்ளுக்கு வேலை இல்ல. இறங்கி, அடுத்த சூட்டைத் தேடும். வீட்டுல மிச்சம் இருக்கிற சூடு மனுஷன்தான்.

பயப்படாதீங்க. உங்க நாய் மேல இருக்கிற தெள்ளு பிளேக்கைக் கொண்டு வரப் போறதில்ல. அது எலித் தெள்ளு, அந்தக் கதை வேற. லாஜிக் மட்டும் ஒண்ணு: தெள்ளு விரும்புற மிருகத்தை நீங்க அப்புறப்படுத்தினா, அது மனுஷனைக் கடிக்கும். நாயைத் தோப்புக்கு அனுப்பினாலும் இதுதான் நடக்கும். அந்த நாய், பாவம், அங்கேயும் சொறிஞ்சுக்கிட்டே கிடக்கும்.

லிஸ்டனோட கினிப் பன்றியில நமக்கு ஒரு ஐடியாவும் இருக்கு. நாய்க்குச் சரியான மருந்து போட்டு வீட்டுக்குள்ளயே வைங்க. கூட்டுல இருந்து வெளிய வர்ற தெள்ளு அது மேல ஏறும், மருந்து பட்டுச் சாகும். முட்டை போட ஆள் இருக்காது. பிரச்சினைன்னு நினைச்ச நாய்தான் இங்க தீர்வு.

சித்தப்பா வீட்டுல என்ன பண்ணோம்

ஒண்ணு, நாய்க்கும் ரெண்டு பூனைக்கும் ஒரே நாள்ல மருந்து. ஒண்ணை விட்டாலும் அது தெள்ளுக்கு ஹோட்டல் ஆயிடும். என்ன மருந்துன்னு கால்நடை மருத்துவர்தான் சொல்லணும், எடை பார்த்துத்தான் அளவு. நாய்க்குக் கழுத்துல விடுற ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் இருக்கு, ஃப்ளூரலேனர், அஃபாக்சோலேனர் மாதிரி மாத்திரையும் இருக்கு. சொட்டு மருந்துன்னா முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. மாடு, கோழிக்கு நாய் மருந்தைத் தொடவே விடாதீங்க, பாலும் முட்டையும் நாமதான் சாப்பிடுறோம். அதுக்குத் தனியாக் கேட்கணும்.

ரெண்டு, தரை. இன்டர்நெட்ல எல்லாம் கார்ப்பெட்டை வேக்குவம் பண்ணுன்னு சொல்லுவான். கெங்குவார்பட்டியில கார்ப்பெட்டுக்கு எங்க போறது? நாய் எங்கெல்லாம் படுக்குதுன்னு ரெண்டு நாள் கவனிச்சோம். திண்ணைக்கு அடியில இருக்கிற மண்ணு, கயித்துக் கட்டிலுக்கு அடி, சாக்கு மூட்டை ஓரம், தொழுவத்துக் கல் இடுக்கு. அதுதான் நம்ம கார்ப்பெட். தினமும் கூட்டி, அந்தக் குப்பையைச் சோப்புத் தண்ணியில கொட்டினோம். சாக்கையும் நாய் படுக்கிற துணியையும் கொதிக்கிற தண்ணியில போட்டு, வெயில்ல காய வச்சோம். தரை விரிசலைச் சிமெண்ட் வச்சு அடைச்சாச்சு.

ஃபிளாட்டா இருந்தா சோஃபா மடிப்பு, கட்டிலுக்கு அடி, பால்கனி மிதியடி, கார் சீட்டு. வேக்குவம் இருந்தா நல்லது, அந்த அதிர்வுலயே சில கூட்டுப்புழு வெளிய வந்துடும். பையை உடனே கட்டி வெளிய போடுங்க. பெஸ்ட் கன்ட்ரோல் ஆளைக் கூப்பிட்டா, முட்டையும் புழுவும் வளர விடாம தடுக்கிற மெத்தோபிரீன் இல்லேன்னா பைரிப்ராக்சிஃபென் இருக்கான்னு கேளுங்க. தரை காயுற வரைக்கும் மிருகங்க, குழந்தைங்க உள்ள வரக் கூடாது. மீன் தொட்டி இருந்தா மூடி, ஏர் பம்ப்பை நிறுத்தணும்.

மூணு, கணக்கு. ராத்திரி ஒரு தட்டுல சோப்புத் தண்ணி வச்சு, மேல ஒரு சின்ன லைட் போட்டோம். தெள்ளு வெளிச்சத்துக்கு வந்து விழும். இதனால ஒழியாது. கூடுதா குறையுதான்னு தெரியும், அவ்வளவுதான்.

மூணாவது வாரம்

பெரும்பாலான வீடுகள்ல நாய் தோத்துப் போறது இங்கதான். முதல் வாரம் நல்லா குறையும். ரெண்டு, மூணு வாரத்துல மறுபடி குதிக்கும். "மருந்து வேலை செய்யல, நாயை அனுப்பிடு"ன்னு வீட்டுல சத்தம் வரும். எங்க வீட்டுலயும் வந்துச்சு.

மருந்து வேலை செஞ்சுக்கிட்டுதான் இருக்கு. நீங்க பார்க்கிறது மருந்து போடுறதுக்கு முன்னாடியே கூட்டுக்குள்ள போன பழைய பேட்ச். அதுங்க வெளிய வந்துதான் ஆகணும். வந்தாத்தான் சாகும். அதனால மருந்தை அட்டவணைப்படி குறைஞ்சது மூணு மாசம் நிறுத்தாம போடுங்க. இந்த ஒரு விஷயத்தை வீட்டுப் பெரியவங்ககிட்ட முதல் நாளே சொல்லி வைங்க. எங்க அப்பத்தாகிட்ட, "மூணாவது வாரம் மறுபடி வரும், அது கடைசிக் கூட்டம்"னு முன்கூட்டியே சொல்லி வச்சதால, அவங்கதான் நாய்க்காகச் சண்டை போட்டாங்க.

உயிர் போற விஷயம் மூணு

இதை ஸ்கிப் பண்ணாதீங்க.

பெர்மெத்ரின் இருக்கிற நாய் மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. அதை உடைக்கிற சக்தி பூனையோட கல்லீரலுக்கு ரொம்பக் குறைவு. நடுக்கம், வலிப்பு வந்து செத்துப் போகும். அந்த மருந்து போட்ட நாயை நக்கினாலோ, அது மேல உரசிப் படுத்தாலோ கூட ஆபத்து. "கொஞ்சமாத்தானே, பாதி ட்யூப்தானே"ங்கிறதெல்லாம் வேண்டாம்.

திராட்சைக்கும் வாழைக்கும் அடிக்கிற மருந்து, மாட்டு உண்ணிக்கு வாங்கி வச்ச டெல்டாமெத்ரின், அமிட்ராஸ், மண்ணெண்ணெய், எதையும் கண்ணளவுல கலந்து நாய் மேல ஊத்தாதீங்க. விவசாய வீடுகள்ல இதெல்லாம் கைக்கு எட்டுற தூரத்துலயே இருக்கும், அதான் பிரச்சினை. நாய் தன்னை நக்கும், அவ்வளவும் வயித்துக்குள்ள போகும். எச்சில் ஒழுகுறது, நடுக்கம், வாந்தி இருந்தா உடனே மருத்துவர்கிட்ட ஓடுங்க. கற்பூரம், டீ ட்ரீ ஆயில் இயற்கைதானேன்னு நினைக்காதீங்க. பூனைக்கு ரெண்டுமே விஷம்.

குட்டிங்களை லேசா எடுத்துக்காதீங்க. நிறைய தெள்ளு இருந்தா சின்னக் குட்டியோட ரத்தம் வத்திடும். ஈறு வெளிறிப் போயிருந்தா அன்னைக்கே தூக்கிட்டுப் போகணும். எட்டு வாரத்துக்குக் குறைஞ்ச குட்டிக்குப் பல மருந்து ஆகாது. அதனால மருத்துவரைப் பார்க்கிற வரைக்கும் நெருக்கமான பல் சீப்பும், ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணியும்தான்.

இன்னொண்ணு, தெள்ளை முழுங்கினா நாய், பூனைக்கு நாடாப்புழு வரும். சாணத்துலயோ வாலுக்கு அடியிலயோ அரிசி மாதிரி ஒட்டியிருந்தா அதுதான். புழு மருந்தும் சேர்த்துக் கேளுங்க.

அந்த நேயருக்கு இதையெல்லாம் அப்போவே சுருக்கமா அனுப்பிட்டேன். நாய் சென்னையிலதான் இருக்கு. ரெண்டாவது மாசம் ஓடுது.

உங்க வீட்டுல சந்தேகம் இருந்தா இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை பண்ணுங்க. முழங்கால் வரைக்கும் வெள்ளை சாக்ஸ் போட்டுக்கிட்டு, நாய் படுக்கிற இடத்துல அஞ்சு நிமிஷம் நடங்க. அப்புறம் வெளிச்சத்துல சாக்ஸைப் பாருங்க. கறுப்புப் புள்ளி ஏதாவது குதிச்சா, கேலண்டர்ல இன்னைக்குத் தேதியை வட்டம் போட்டு, அதுல இருந்து மூணு மாசம் எண்ணுங்க. நாயைத் திட்டாதீங்க.

கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.