பங்குப் பதிவேட்டைக் கொண்டு வாருங்கள்

ஐரோப்பாவில் சிறு தொழில் நடத்தும் நம்மவர்கள் பலர் என்னிடம் கேட்பது இது: "வேறு நாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்தால் அரசு பணம் தருமாமே, எங்களுக்கும் கிடைக்குமா?" கிடைக்கும். அதற்கென்றே யூரோஸ்டார்ஸ் என்ற திட்டம் இருக்கிறது. 1985இல் உருவான யுரேகா அமைப்பு ஐரோப்பிய ஒன்றியத்தின் துணையோடு இதை நடத்துகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை விண்ணப்பம் கோருவார்கள்.

வருகிறவர்கள் ஆசையோடு தங்கள் கண்டுபிடிப்பை விளக்குவார்கள். கணக்காளரான நான் பங்குப் பதிவேட்டைக் கேட்பேன். அவர்கள் முகம் கொஞ்சம் வாடும். ஆனால் தகுதியின் முதல் வாசல் அங்கேதான் இருக்கிறது.

சிறு, நடுத்தர நிறுவனம் எது என்பதற்கு ஐரோப்பிய ஆணையம் 2003இல் வகுத்த வரையறையே அளவுகோல். பணியாளர்கள் 250 பேருக்குள் இருக்க வேண்டும். கூடவே, ஆண்டு விற்பனை 5 கோடி யூரோவுக்கு மேல் போகக் கூடாது. போனாலும் ஐந்தொகை மொத்தம் 4 கோடியே 30 லட்சம் யூரோவைத் தாண்டாமலிருந்தால் போதும். "நாங்கள் பதினெட்டுப் பேர்தானே, எங்களுக்கு என்ன கவலை?" என்பீர்கள். அந்தப் பதினெட்டு உங்கள் கடைக்குள் எண்ணியது. ஆணையம் உங்கள் பங்குதாரரின் ஆட்களையும் எண்ணும்.

காது கேட்கும் கருவிகளுக்கு உதிரிப்பாகம் செய்யும் ஒரு நிறுவனம் என்னிடம் வந்தது. சரியாகப் பதினெட்டுப் பேர். ஆனால் அதில் 30 விழுக்காடு பங்கு ஒரு பெரிய நிறுவனத்திடம். அங்கே 600 பேர் வேலை செய்கிறார்கள். பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 50 வரை இருந்தால், அதே விகிதத்தில் ஆட்களையும் சேர்க்க வேண்டும். 600இல் 30 விழுக்காடு 180. சொந்த ஆட்களையும் கூட்டினால் 198. தேறிவிட்டது. விற்பனையையும் ஐந்தொகையையும் இப்படியே கூட்டிப் பார்த்தோம், அவையும் வரம்புக்குள் நின்றன. அந்தச் சமயத்தில் பங்கை 45 விழுக்காடாக உயர்த்தும் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. உயர்த்தியிருந்தால்? 270ஓடு 18, மொத்தம் 288. கதவு சாத்தியாகிவிடும். பாதிக்கு மேல் போனாலோ 600 பேரும் முழுதாக உங்கள் கணக்கில் ஏறிவிடுவார்கள். பேச்சைத் தள்ளிப்போடுங்கள் என்றேன், தள்ளிப்போட்டார்கள்.

முதலீட்டாளர் என்றாலே பயப்பட வேண்டாம், நேயர்களே. பல்கலைக்கழகமோ துணிகர முதலீட்டு நிறுவனமோ 25 விழுக்காட்டுக்கு மேல், பாதி வரை பங்கு வைத்திருக்கலாம். உங்கள் நிர்வாகத்தை அவர்கள் ஆட்டிவைக்காத வரை அந்தக் கூட்டல் கிடையாது. நல்ல மனதோடு எழுதிய விதி இது.

நம் குடும்பங்களுக்கென்றே எழுதியது போல இன்னொரு விதி உண்டு. அண்ணன் ஓஸ்லோவில், தம்பி டோர்ட்முண்டில், ஆளுக்கொரு நிறுவனம். இரண்டு நாடு, இரண்டு நிறுவனம், போதுமே என்று சேர்ந்து வந்தார்கள். பதிவேட்டைப் பார்த்தால் இரண்டிலும் பாதிக்கு மேல் அண்ணன் பெயரில்! கூட்டாளிகள் ஒருவர் பிடியில் மற்றவரோ, இருவரும் ஒரே ஆளின் பிடியிலோ இருக்கக் கூடாது. தாளில் இரண்டானாலும் கணக்கில் அது ஒன்றுதான். "அண்ணாதான் தம்பிக்கு முதல் போட்டுக் கொடுத்தவர்" என்று அண்ணி சொன்னார். அந்த அன்பை நான் மதிக்கிறேன். விதி பங்கைத்தான் பார்க்கும். பிறகு டென்மார்க்கில் ஒரு நிறுவனத்தைச் சேர்த்துக்கொண்டு புதிதாக எழுதினோம்.

பணம் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்பார்கள். விண்ணப்பம் பொதுவானது, பணம் அவரவர் நாட்டு நிதி அமைப்பு தருவது. நோர்வே நிறுவனத்துக்கு நோர்வே, ஜெர்மன் நிறுவனத்துக்கு ஜெர்மனி. எவ்வளவு விழுக்காடு, பல்கலைக்கழகத்துக்கும் உண்டா என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். கனடாவும் தென்கொரியாவும் இதில் உறுப்பினர்கள், இந்தியா இல்லை. சென்னையில் உள்ள நண்பரையும் சேர்க்கலாம், ஆனால் அவர் பங்குக்கான செலவை அவரே வேறு வழியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேரம் நெருங்குகிறது, மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குழுவுக்குத் தலைமை ஏற்பது புதுமை செய்யும் ஒரு சிறு, நடுத்தர நிறுவனமாக இருக்க வேண்டும். செலவில் பாதியாவது அத்தகைய நிறுவனங்களின் கையில் நிற்க வேண்டும். எந்த ஒரு நிறுவனமோ நாடோ 70 விழுக்காட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. வேலை 36 மாதத்துக்குள் முடிய வேண்டும், ராணுவப் பயன்பாட்டுக்கு இடமில்லை. அடுத்த அழைப்பு வரும்போது, நம் ஊர்ப் பிள்ளைகளின் சின்னப் பட்டறைகளும் ஆய்வுக்கூடங்களும் அந்த வரிசையில் நிற்கட்டும். பதிவேட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.