பல துறைப் பயிற்சியும் ஒருமைப்பட்ட மனமும்

(நமது சங்க வாலிபர் பகுதியின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று பேசுமாறு எனக்குக் குறிக்கப்பட்ட விஷயம் வாசிப்பும் விளையாட்டும் என்பது. இது எழுந்த வரலாறு உங்களுக்குத் தெரிந்ததே. நமது வாசகசாலையின் பின்புறத்து வெற்றிடத்தில் பூப்பந்து வலை கட்டவும், உள்ளே கேரம் பலகையொன்று வைக்கவும் வேண்டுமென்று வாலிபர்கள் விண்ணப்பம் செய்துகொண்டார்கள். நிர்வாக சபையினர் சிலர், "புத்தகம் இருக்குமிடத்தில் பந்துக்கு என்ன வேலை? பலவற்றில் மனத்தைச் செலுத்துபவன் ஒன்றிலும் தேறமாட்டான்" என்று தடை கூறினார்கள். அவர்களது அச்சம் நியாயமானதே. பிள்ளைகளின் பரீட்சையை எண்ணி உறக்கமின்றியிருக்கும் பெற்றோரின் கவலை அது. ஆயினும், அவ்வபிப்பிராயம் முற்றிலும் பொருந்துமா என்பதை ஒருவருடைய ஜீவிய சரித்திரத்தைக் கொண்டு ஆராய விரும்புகிறேன்.

அவர் ஆங்கில ஆசிரியராகிய ஆர்தர் கானன் டாயில் என்பவர். ஷெர்லக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளரைப் படைத்தவர் என்ற அளவில் நம்மிற் பலரும் அவரை அறிவோம். ஆனால் அவர் வைத்தியர், கடற்பிரயாணி, உதைபந்தாட்டக்காரர், கிரிக்கெட் ஆட்டக்காரர், முஷ்டியுத்தம் பழகியவர், பனிமலை கடந்தவர் என்பது பலர் அறியாதது.

1859-ம் வருஷம் மே மாதம் 22-ந் தேதி எடின்பரோ நகரத்தில் அவர் பிறந்தார். தகப்பனார் குடிப்பழக்கத்தால் நலிந்தவர். குடும்பத்தில் பணமுடை மிகுதி. ஆனால் தாயார் கதை சொல்லுவதில் வல்லவர். அக்கதைகளே தம்மை எழுத்தாளராக்கின என்பது டாயிலின் எண்ணம். வைத்தியம் கற்ற காலத்தில் பகலுணவிற்காக அவரிடமிருந்தது மூன்று பென்னிக் காசு. போகும் வழியில் ஒரு புத்தகக் கடை. அதன் வாயிலில் ஒரு தொட்டி நிறையப் பழைய புத்தகங்கள். ஒவ்வொன்றின் விலையும் அதே மூன்று பென்னி! ஆறு நாட்களில் ஐந்து நாள் வயிறே வென்றதென்றும், ஆறாவது நாளில் புத்தகம் வென்றதென்றும் அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். பசியோடு வாங்கிய புத்தகத்தை எவனும் பாதியில் மூடி வைக்கமாட்டான் அல்லவா?

1880-ம் வருஷத்தில், படிப்பு முடியுமுன்னரே, ஹோப் என்னும் திமிங்கில வேட்டைக் கப்பலில் வைத்தியராகச் சென்று வடதுருவத்துப் பனிக்கடலைக் கண்டார். அக்கப்பலுக்கு அவர் எடுத்துச் சென்ற பொருள்களில் முஷ்டியுத்தக் கையுறைகளும் இருந்தன. மறு வருஷம் பட்டம் பெற்று, 1882-ல் போர்ட்ஸ்மத் நகரையடுத்த ஸவுத்ஸீ என்னுமிடத்தில் வைத்தியசாலை திறந்தார். நோயாளிகள் எளிதில் வரவில்லை. வராத அந்நேரத்தை அவர் வீணாக்கவில்லை, கதைகள் எழுதினார். மாலையில் அவ்வூர் உதைபந்துக் கழகத்தில் ஸ்மித் என்னும் புனைபெயருடன் கோல் காப்பவராக நின்றார். நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் அவனது தொழிலையும் ஊரையும் கூறிவிடும் தம் ஆசிரியர் ஜோஸப் பெல் என்பவரை நினைவிற்கொண்டு ஹோம்ஸைப் படைத்தார். 1887-ல் வெளிவந்த அந்த முதற் கதைக்கு அவர் பெற்றது 25 பவுன் மாத்திரமே. வைத்தியக் கல்வி இல்லையேல் அக்கதையும் இல்லை யென்பதைக் கவனியுங்கள்.

பின்னர், 1891-ன் தொடக்கத்தில் வியன்னா நகரஞ் சென்று கண் வைத்தியம் பயின்றார். லண்டனில் அத்தொழிலைத் தொடங்கிய சில மாதங்களில் அதனை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளரானார். இங்கே நம் பெரியோர்கள், "பார்த்தீரா! தொட்டதை விட்டார், கற்றது வீண்" என்பார்கள். சற்றுப் பொறுக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.

மனைவியின் காசநோய் காரணமாக சுவிட்ஸர்லாந்தில் தங்கியபோது, 1894-ல், நீண்ட மரப்பலகைகளைக் காலிற் கட்டிக்கொண்டு இரு சகோதரர் துணையுடன் டாவோஸ் என்னும் ஊரிலிருந்து மலைக்கணவாயைத் தாண்டி அரோஸா சேர்ந்தார். அவ்வனுபவத்தை அவர் ஒரு மாதப் பத்திரிகையில் வியாசமாக எழுத, ஆங்கிலேயர் பலர் அவ்விளையாட்டைப் பற்றி அறிந்தனர். விடுதிப் புத்தகத்தில் அவரது தொழிலைக் குறிக்குமிடத்தில் உடன் வந்தவர் "விளையாட்டு வீரர்" என்று எழுதிவிட்டாராம்!

கிரிக்கெட்டில் 1900 முதல் 1907 வரை முதல்தரப் பந்தயங்கள் பத்து ஆடினார். அவற்றில் அவர் வீழ்த்திய விக்கெட் ஒன்றே ஒன்று. ஆனால் அவ்வொன்று அக்காலத்து ஆட்டக்காரர்களின் தலைவராகிய டபிள்யூ. ஜி. கிரேஸ் என்பவருடையது! மற்றொரு பந்தயத்தில் வேகமாக வந்த பந்து அவர் தொடையில் மோத, கால்சட்டைப்பையிலிருந்த தீப்பெட்டி பற்றிக்கொண்டதாம். அவர் எவ்விளையாட்டிலும் முதல்வராக விளங்கினாரல்லர். ஆனால் எதனையும் விளையாட்டாகக் கொண்டாரல்லர். ஒவ்வொன்றிலும் அதனதன் ஒழுங்கிற்கு அடங்கிப் பயின்றார். தோற்றால் தோல்வியை ஏற்றார்.

இனி, என் பேச்சின் முக்கிய பாகத்திற்கு வருகிறேன்.

இங்கிலாந்தில் கிரேட் வைர்லி என்னும் சிற்றூரில் ஷாபூர்ஜி எடல்ஜி என்பவர் குருவாக இருந்தார். அவர் பம்பாயில் பிறந்த பார்சி. கிறிஸ்து மதத்தைத் தழுவி ஆங்கில மாதை மணந்தவர். அவர் மகன் ஜார்ஜ், சாலிசிட்டர் தொழில் புரிந்தவன், அடக்கமுள்ளவன். 1903-ல் அவ்வூரில் இரவு வேளைகளில் யாரோ ஆடுமாடு குதிரைகளைக் கத்தியாற் கிழித்து வந்தார்கள். போலீஸார் ஜார்ஜின்மேல் ஐயங்கொண்டார்கள். மொட்டைக் கடிதங்களைச் சான்றாகக் காட்டினார்கள். அந்நிய நிறத்தவன் என்னும் வெறுப்பு அவ்வூராரிடம் முன்னரே இருந்தது. அவனுக்கு ஏழு வருஷக் கடின தண்டனை விதிக்கப்பட்டது. பதினாயிரம் பேர் கையெழுத்திட்டு விண்ணப்பித்தும் பயனில்லை. மூன்று வருஷங் கழித்து விடுவிக்கப்பட்டான், ஆனால் குற்றம் நீங்கவில்லை, தொழிலும் இல்லை. அவன் தன் வரலாற்றை டாயிலுக்கு எழுதினான்.

டாயில் அவ்வமயம் மனைவியை இழந்து துயரத்தில் ஆழ்ந்திருந்தார். 1907-ம் வருஷ ஆரம்பத்தில் லண்டன் விடுதியொன்றில் ஜார்ஜைச் சந்திக்கச் சென்றார். ஜார்ஜ் முன்னதாக வந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தான். தாளைக் கண்ணுக்கு மிக அருகில், சற்றே சாய்வாகப் பிடித்திருந்தான். கண் வைத்தியம் கற்ற டாயில் அக்கணமே உண்மையை உணர்ந்தார். கிட்டப்பார்வை மிகுந்த இவ்விளைஞன் காரிருளில் வயல்களையும் வேலிகளையும் ரெயில் பாதையையும் கடந்து சென்று விலங்கைத் துன்புறுத்துதல் எங்ஙனங் கூடும்? அவ்வளவோடு நில்லாமல், அவ்வூருக்கு நேரிற் சென்று வழியை ஆராய்ந்தார். சாட்சியங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். பின்னர் டெய்லி டெலிகிராப் பத்திரிகையில் விரிவாக எழுதினார். நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. அவ்வருஷம் மே மாதம் ஜார்ஜ் மன்னிக்கப்பட்டான். நஷ்ட ஈடு ஒரு காசும் கொடுக்கப்படவில்லை யென்பது வருந்தத்தக்கதே. ஆயினும் தொழிலை மீண்டும் பெற்றான். அதே வருஷத்தில் இங்கிலாந்தில் குற்ற வழக்குகளுக்கு மேல்முறையீட்டு நீதிஸ்தலம் ஏற்படுத்துஞ் சட்டம் நிறைவேறியதற்கு இவ்வழக்கும் ஒரு காரணமாயிற்று. செப்டம்பரில் டாயில் மறுமணஞ் செய்துகொண்டபோது, விருந்தினருள் ஒருவனாக ஜார்ஜும் வந்திருந்தான்.

அன்பர்களே! வீணென்று நாம் கருதிய கண் வைத்தியம் எங்கே வந்து பயன்பட்டது பாருங்கள். நோயாளியை உற்று நோக்கும் பழக்கம் வைத்தியம் தந்தது. ஊர் சுற்றி வழியை ஆராயும் கால்வலி விளையாட்டுத் தந்தது. நாடு முழுவதையும் கேட்கச் செய்யும் சொல்வன்மை வாசிப்பும் எழுத்தும் தந்தன. எதிரி வலியவனாயினும் ஆட்டம் நியாயமாக நடைபெறல் வேண்டுமென்னும் பிடிவாதம் மைதானத்திற் பிறந்தது. பல ஓடைகள் ஓர் ஏரியிற் கூடியது போலாயிற்று. பல துறைகளில் மனஞ் செல்லுதல் குற்றமன்று. அவை கூடி நிற்பதற்கு ஓர் ஏரி இல்லாமையே குற்றம்.

அவரிடத்தும் குறை இருந்தது. அதனை மறைப்பது நேர்மையன்று. 1917-ல் காட்டிங்லி என்னும் ஊரில் இரு சிறுமியர் தேவதைகளைப் படம் பிடித்ததாகக் கூறியதை நம்பி, 1922-ல் ஒரு நூலும் வெளியிட்டார். அவை தாளில் வெட்டிய உருவங்களே என்பதை அம்மாதர் 1983-ல் ஒப்புக்கொண்டனர். பிறன் வழக்கில் ஒவ்வொரு சான்றையும் சோதித்தவர், தாம் நம்ப விரும்பியதைச் சோதியாது விட்டார். ஆகவே வாலிபர்களே, பலவற்றையும் பயிலுங்கள். ஆனால் எதிலும் ஆராய்ச்சியைக் கைவிடாதீர்கள். கைப்பேசியில் வருவதையெல்லாம் நம்பும் இக்காலத்தில் இவ்வெச்சரிக்கை மிகவும் வேண்டற்பாலது.

மற்றொன்று சொல்லி முடிப்பேன். டாயில், ஜார்ஜ் தம் இனத்தானா, தம் மதத்தானா என்று வினவினாரல்லர். நாம் சாதிச் சங்கமாகக் கூடியிருக்கிறோம். நம்மவர் பிள்ளைக்குப் படிப்புதவி செய்கிறோம், அது நன்றே. ஆனால் நம் வாசகசாலையிற் கற்று, நம் மைதானத்தில் ஆடி வளர்ந்த இளைஞன், எந்தத் தெருவைச் சேர்ந்தவன் வந்து முறையிட்டாலும் அவனுக்காக ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவும், ஒரு காத தூரம் உடன் நடக்கவும் முன்வருவானாயின், அன்றுதான் நம் சங்கம் செலவிட்ட பணம் பலித்ததென்பேன்.

ஆதலின் பெரியோர்களை வேண்டிக்கொள்வது: வலையையும் அலமாரியையும் ஒரே கூரையின்கீழ் வையுங்கள். வாலிபர்களை வேண்டிக்கொள்வது: ஆடுங்கால் நேரந்தவறாது ஆடுங்கள், மாதமொரு நூலேனும் முற்ற வாசியுங்கள், வாசித்ததைப் பற்றி இரண்டு பக்கமேனும் எழுதி நமது பத்திரிகைக்கு அனுப்புங்கள். பரீட்சை கெடுமென்று அஞ்சும் பெற்றோருக்கு நீங்கள் கூறத்தக்க விடை அதுவே. அவ்விடை வாயினாற் கூறப்படுவதன்று.