பொறியாளர் கையில் எழுதுகோல்



திருநின்றவூரில் விடியலில் மின்தொடர் வண்டி ஏறி, அம்பத்தூர்க் கணினி நிறுவனங்களில் உழைத்து, இரவில் இல்லம் திரும்பும் நம் பிள்ளைகள் 'தமிழில் எழுத நேரமேது?' என்று கேட்பது இயல்பே. எழுத்தாளர் சுஜாதாவின் வாழ்வை அவர்கள் அறிதல் நலம்.

அவர் இயற்பெயர் ரங்கராஜன். ரா. கி. ரங்கராஜன் முன்னரே எழுதிப் புகழ்பெற்றிருந்தமையால், மனைவியின் பெயரையே புனைபெயராக்கிக்கொண்டார். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியபோது, மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பெரும்பங்கு வகித்தார். எழுத்தறியா மூதாட்டியும் சின்னத்தைக் கண்டு பொத்தானை அழுத்தினால் போதும். உள்ளிருக்கும் நுட்பம் அவரை அச்சுறுத்துவதில்லை.

அவர் உரைநடையும் அத்தகையதே. 'பிரிவோம் சந்திப்போம்' என்னும் காதற் புதினம் பாபநாசத்தில் தொடங்கி அமெரிக்கா வரை செல்கிறது. படிப்பவர்க்குக் களைப்பே தோன்றுவதில்லை. 'பூக்குட்டி' சிறுவர்க்கானது: செல்வர் வீட்டுச் சிறுமி, ஏழைச் சிறுமி, ஒரு நாய்க்குட்டி, அவ்வளவே. கணினியை விளக்க 'சிலிக்கன் சில்லுப் புரட்சி' எழுதியதும் இதே கைதான். எல்லாம் ஒரே தரத்தன என்று சொல்வதற்கில்லை. வார இதழ்களின் அவசரம் சிலவற்றில் தெரியத்தான் செய்கிறது. ஆயினும், அலுவலகப் பணியைக் காரணம் காட்டி அவர் எழுதுகோலைக் கீழே வைத்தாரில்லை.

நம் சமயத்தார்க்கு மற்றொரு மகிழ்ச்சியும் உண்டு. கவுந்தியடிகள் வழித்துணையாக வரும் சிலப்பதிகாரத்தையும் அவர் எளிய தமிழில் அறிமுகம் செய்துள்ளார். அந்நூல் நம் இல்லங்களில் பிள்ளைகளின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.