முதல் மூச்சுக் கருவி



என்னிடம் கல்வி பயின்ற இளைஞன் ஒருவன் சென்ற ஆண்டு என்னைத் தேடி வந்தான். திருகோணமலைக் கடலிலே உல்லாசப் பயணிகளுக்குச் சுழியோட்டம் காட்டும் தொழிலில் அவன் இறங்கவிருந்தான். தாயார் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் கையில் இருந்தது. "ஐயா, பாவித்த றெகுலேற்றர் ஒன்று பாதி விலைக்கு வருகிறது, வாங்கட்டுமா?" என்று கேட்டான். கடலில் மூழ்கியறியாத ஆசிரியனிடம் கேட்ட வினா அது! ஆயினும், நூல்களைப் புரட்டியும் அனுபவசாலிகளை விசாரித்தும் நான் அறிந்தவற்றை உங்களுக்குங் கூறுகிறேன்.

மன்னார்க் கடலில் முத்துக்குளித்தோர் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கினர். நீரினுள்ளே தடையின்றிச் சுவாசிக்கும் வழியை 1943 ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தவரான கூஸ்தோவும் கஞ்ஞானும் கண்டனர். 1956 ஆம் ஆண்டில் கோணேசர் மலையடியில் மூழ்கிக் கிடந்த கோயிற் சிதைவுகளை ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் ஆராய முடிந்ததும் அதனாலன்றோ!

உருளையிலே காற்று ஏறக்குறைய 200 பார் அமுக்கத்தில் அடைபட்டிருக்கிறது. அதனை நேரே வாயில் வாங்குவது எவராலும் இயலாது. உருளையின் வாயிற் பொருத்தப்படும் முதற்படி, அவ்வமுக்கத்தைச் சூழவுள்ள நீரின் அமுக்கத்திலும் சுமார் 10 பார் கூடிய அளவுக்கு இறக்குகிறது. வாயிற் கௌவும் இரண்டாம்படி, அதனை நீரின் அமுக்கத்துக்கே சமமாக்கித் தருகிறது. 10 மீற்றர் ஆழத்தில் இவ்வமுக்கம் தரையிலுள்ளதைப்போல் இருமடங்காகும்.

இனி, தெரிவு செய்யும் முறையைப் பார்ப்போம். முதலாவது, நீங்கள் மூழ்கும் இடத்திலுள்ள உருளைகளின் வாய் எவ்வகையானது என்று விசாரியுங்கள். கவ்விப் பிடிக்கும் 'யோக்' வகையும் உண்டு. திருகிப் பூட்டும் 'டின்' வகையும் உண்டு. 'டின்' வகைக் கருவியை ஓர் இணைப்பியின் துணையால் 'யோக்' வாயிலும் பொருத்தலாம்.

இரண்டாவது, சமப்படுத்திய முதற்படியை விரும்புங்கள். சமப்படுத்தாததில், உருளையின் காற்றுக் குறையக் குறைய மூச்சிழுக்கும் சிரமம் மாறிக்கொண்டே வரும்.

மூன்றாவது, தொகுதியை முழுமையாக வாங்குங்கள். எஞ்சிய காற்றைக் காட்டும் அமுக்கமானியும், மிதவை அங்கிக்குக் காற்றூட்டும் குழாயும் அதில் இருத்தல் வேண்டும். தோழனுக்கு மூச்சுத் தட்டினால் கொடுப்பதற்கு மேலதிகமான இரண்டாம்படி ஒன்றும் இன்றியமையாதது. உங்கள் சிக்கனத்தினால் அவன் உயிர் போகலாகாது.

இவை யாவற்றிலும் தலையாயது பராமரிப்பு. உதிரிப்பாகங்கள் கிடைக்குமா, பயிற்சி பெற்ற திருத்துநர் அருகில் உளரா என்று அறியாமற் பணத்தை நீட்டாதீர்கள். ஒவ்வொரு முறையும் தூசிமூடியை இறுகப் பூட்டி, நன்னீரிற் கழுவுங்கள். கழுவும்போது இரண்டாம்படியின் பொத்தானை அழுத்தினால் நீர் உள்ளே புகுந்துவிடும்.

அவ்விளைஞன் பார்த்து வந்த கருவிக்குப் பராமரிப்புப் பதிவு ஏதும் இல்லை; குழாயிலே வெடிப்புகள் காணப்பட்டன; அதற்குரிய உதிரிப்பாகங்களும் இங்கே கிடைக்கவில்லை. "தம்பி, பாதி விலைக்கு வாங்கலாம், பாதி மூச்சோடு மேலே வர முடியுமா?" என்றேன். அவன் நான்கு மாதங்கள் வாடகைக் கருவியோடு பொறுத்திருந்து, ஆடம்பரமற்ற புதிய தொகுதி ஒன்றை வாங்கினான். இன்று அவன் கடலுக்குப் போகும் நாட்களில் தாயார் நிம்மதியாக இருக்கிறார்.